தொற்றுக் காலத்தில் கொடுத்த உடல்நல விவரங்களை நிறுவனம் இன்னும் வைத்திருக்கலாமா?

கேள்வி:
ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். 2020 மே மாதம் ஊரடங்கு தளர்ந்து பணிக்குத் திரும்பியபோது, ஆரோக்கிய சேது செயலியில் பச்சை நிறத்தைக் காட்டினால்தான் வாயிலில் உள்ளே விட்டார்கள். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் பற்றிக் கேட்ட கூகுள் படிவம் ஒன்றையும் நிரப்பிக் கொடுத்தோம். சென்ற மாதம் மேற்பார்வையாளர் பொறுப்புக்கு என் பெயர் வந்தபோது, மனிதவள அலுவலர் அந்தப் பழைய படிவத்தைப் பார்த்து, "உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறதே, இரவுப்பணி ஒத்துவருமா?" என்று கேட்டார். உயிருக்கு அஞ்சிய நாட்களில் நம்பிக் கொடுத்த விவரத்தை இதற்குப் பயன்படுத்தலாமா?

மறுமொழி 1:
கூடாது என்பதே என் கருத்து. செயலியைப் பொறுத்தவரை, 2020 மே 1 அன்று உள்துறை அமைச்சகம் தனியார் ஊழியர்களுக்கும் அதைக் கட்டாயமாக்கி, ஊழியர் நூறு விழுக்காட்டினரும் அதைப் பயன்படுத்துவதை உறுதிசெய்யும் பொறுப்பை நிறுவனத் தலைவர்மீது சுமத்தியது. மே 17 ஆணையிலேயே அது 'இயன்றவரை' என்று தளர்த்தப்பட்டது. ஆனால் உங்கள் படிவம் அந்த ஆணைகளில் அடங்காது. அது நிறுவனம் தானாகத் திரட்டியது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் வந்த 2011ஆம் ஆண்டு விதிகள் உடல்நல விவரத்தை நுண்ணுணர்வுத் தகவலாக, அதாவது கூடுதல் பாதுகாப்பு வேண்டிய தனிப்பட்ட தகவலாகக் கருதுகின்றன. எழுத்துமூல ஒப்புதல் பெற வேண்டும், எதற்காகப் பெற்றார்களோ அதற்கே பயன்படுத்த வேண்டும், தேவை முடிந்தபின் வைத்திருக்கக் கூடாது என்பவை அவற்றிலேயே உள்ளன.

மறுமொழி 2:
நான் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அலுவலராக இருந்தவன். படிவம் மட்டுமல்ல, அப்போது வாயிலில் உடல் வெப்பத்தை அளந்து பதிவேட்டில் எழுதியதும் இப்படித்தான். வெயிலில் நடந்து வந்தவரின் நெற்றியில் வெப்பமானியை நீட்டினால் அளவு கூடக் காட்டும். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வந்தவருக்குக் காய்ச்சலே தெரியாது. அறிகுறியற்ற தொற்றாளரை அக்கருவியால் கண்டறியவே முடியாது. இவ்வளவு குறையுள்ள அளவீட்டைப் பெயரோடு பதிவேட்டில் எழுதி ஆண்டுக்கணக்கில் அடுக்கி வைத்ததால் யாருக்கும் பயன் விளையவில்லை. வாயிலில் தேவைப்பட்டது 'உள்ளே வரலாம்', 'வரக்கூடாது' என்ற முடிவு மட்டுமே. அந்தப் பதிவேடுகளில் நானும் கையெழுத்திட்டிருக்கிறேன் என்பது இன்றும் எனக்கு வருத்தம் தருகிறது.

மறுமொழி 3:
வாய்மொழியாகக் கேட்காதீர்கள். முதல் மறுமொழியில் சொன்ன 2011 விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் ஒரு குறைதீர் அலுவலரை நியமித்து, அவர் பெயரைத் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். ஒரு மாதத்துக்குள் அவர் குறையைத் தீர்க்க வேண்டும். என்னென்ன விவரங்கள் உள்ளன, யாரெல்லாம் பார்த்தார்கள் என்று கேட்டு, உங்கள் ஒப்புதலைத் திரும்பப் பெறுவதாகவும் அவருக்கு எழுதுங்கள். அந்த விதிகள் கணினியில் உள்ள தகவலைப் பற்றியவை என்பதால், வாயிற்காவலரின் காகிதப் பதிவேட்டைத் தனியாகக் குறிப்பிட்டு, அதையும் அழித்துவிடும்படி கோருங்கள். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேலை தொடர்பான சில பயன்பாடுகளுக்கு ஒப்புதலே தேவையில்லை என்கிறது. நிறுவனம் அதைக் காரணம் காட்டும் முன்பே எழுதிவிடுங்கள், தாமதிக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. அதே படிவத்தை நிரப்பிய சக ஊழியர்களிடமும் பேசிவிட்டு, எல்லோரும் கையெழுத்திட்டு ஒரே கடிதமாக இந்த வாரமே கொடுக்கிறோம்.