ஜிப்சி: கிளட்சிலிருந்து பின் ஆக்சில் வரை வீட்டிலேயே பிரித்து மாட்டலாமா?

மேட்டுச்சாலை:
வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 1.3 லிட்டர் கார்புரேட்டர் எஞ்சின் போட்ட பழைய மாருதி ஜிப்சி. பாடி வேலை முடிந்தது, இனி கிளட்ச், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரித்தனுப்பும் பெட்டி), பின் ஆக்சில் எல்லாவற்றையும் வீட்டு ஷெட்டிலேயே பிரித்து மாட்ட ஆசை. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினால் கியர் கரகரவென்று உரசுகிறது, 50-60 வேகத்தில் தரை அதிர்கிறது, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்னால் லேசாக ஊளைச் சத்தம். முன்பு வைத்திருந்தவர் நீள ஷாக்கிள் (பட்டை ஸ்பிரிங்கைச் சேஸிஸோடு இணைக்கும் துண்டு) போட்டு வண்டியைத் தூக்கிவிட்டிருக்கிறார். பட்டறையில் கேட்டால் கியர்பாக்ஸ், கிரவுன் பினியன் (பின் ஆக்சிலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடி) எல்லாமே மாற்றச் சொல்கிறார்கள், எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கிருந்து தொடங்குவது? எதை வெளியே கொடுக்க வேண்டும்?

பழைய_ஸ்பேனர்:
பிரிப்பதற்கு முன்னால் கியர்பாக்ஸ் ஆயிலை வடித்துப் பாருங்கள். அதற்கும் முன்னால் ஆயில் ஊற்றுகிற மேல் பிளக் கழல்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள், கீழ் பிளக்கைத் திறந்து எல்லாம் வடிந்த பிறகு மேல் பிளக் துருப்பிடித்து நின்றால் வண்டியை நகர்த்தக்கூட முடியாது.

வடித்த ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் பாருங்கள். சாம்பல் நிறப் பசை இருந்தால் பயப்பட வேண்டாம், பழைய பெட்டியில் அது சகஜம். பொன்னிறப் பொடி மின்னினால் சின்க்ரோ ரிங் (கியர் மாறும்போது வேகத்தைச் சமமாக்கும் பித்தளை வளையம்) தேய்கிறது. விரலில் குத்துகிற இரும்புச் சில்லு வந்தால் பல்லோ பேரிங்கோ போய்விட்டது, அப்போது பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும்.

இன்னொன்று, கியர் உரசினாலே கியர்பாக்ஸ் குற்றம் என்று முடிவு செய்யாதீர்கள். வண்டி நிற்கும்போது எஞ்சினை ஐடிலில் விட்டு, கிளட்சை முழுக்க மிதித்து, சில நொடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் உரசினால் கிளட்ச் சரியாக விடவில்லை, கேபிளைச் சரிசெய்தாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடலாம். யாராவது உள்ளே ஜிஎல்-5 தரக் கியர் ஆயில் ஊற்றியிருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். அதிலுள்ள கந்தகச் சேர்மானம் சில வகைகளில் பித்தளை ரிங்கை அரிக்கும், அதோடு வழுக்கல் கூடி சின்க்ரோ பிடிக்காமலும் போகும். கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4, பின் ஆக்சில் ஹவுசிங்குக்கு ஜிஎல்-5. இதை மாற்றி ஊற்றக் கூடாது.

மலையேறி:
அதிர்வுக்கு நான் சொல்கிறேன். ஜிப்சியில் டிரான்ஸ்ஃபர் கேஸ் தனியாக நிற்கும், கியர்பாக்ஸிலிருந்து ஒரு குட்டி ஷாஃப்ட் வழியாகத்தான் அதற்குச் சக்தி போகும். அதைத் தாங்குவது மூன்று ரப்பர் மவுண்ட். ஒன்று கிழிந்தாலே பெட்டி சாய்ந்து, குட்டி ஷாஃப்டின் கோணம் கெட்டு, தரை உதற ஆரம்பிக்கும்.

நீள ஷாக்கிளும் சும்மா விடாது. பின் ஆக்சில் லேசாகத் திரும்பி பினியன் மூக்கு (ஷாஃப்ட் வந்து மாட்டும் முனை) மேலே பார்க்கும். யு.ஜே. கிராஸ் (ஷாஃப்ட் முனையிலுள்ள சிலுவை மூட்டு) கோணத்தில் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும், இரு முனையிலும் கோணம் சமமாக இருந்தால்தான் ஒன்றையொன்று சரிக்கட்டும். முதலில் பழைய ஷாக்கிளைப் போட்டு ஓட்டிப் பாருங்கள்.

புரொப்பல்லர் ஷாஃப்டை (ஆக்சிலுக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டு) கழற்றும் முன் ஃபிளாஞ்சிலும் ஸ்லீவிலும் பஞ்ச் வைத்துக் குறி போடுங்கள். ஒரு ஸ்ப்ளைன் (ஸ்லீவிலுள்ள பல்வரி) தள்ளி மாட்டினாலும் இரண்டு யோக்கும் (கிராஸைப் பிடிக்கும் கவை) ஒரே வாட்டத்தில் நிற்காது, எத்தனை கிராஸ் மாற்றினாலும் அதிர்வு போகாது. கிராஸின் கப்பைக் கழற்றி காம்பை நகத்தால் வருடிப் பாருங்கள், ஊசி ரோலர் பதிந்த கோடு தட்டுப்பட்டால் மாற்ற வேண்டியதுதான்.

ஜாக்கியை மட்டும் நம்பி, செங்கல்லை முட்டுக்கொடுத்து அடியில் படுக்கவே கூடாது. நல்ல ஸ்டாண்ட் நான்கு வாங்குங்கள், இதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

மேட்டுச்சாலை:
இருவருக்கும் ரொம்ப நன்றி. ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுகிறது. ஆயிலில் பொன்னிறப் பொடி நிறைய, சில்லு இல்லை. டிரான்ஸ்ஃபர் மவுண்டில் ஒன்று கிழிந்து தொங்குகிறது, பின் கிராஸிலும் கோடு இருக்கிறது. சரி, கியர்பாக்ஸை இறக்கப்போகிறேன். கிரவுன் பினியனையும் கையோடு பிரிக்கட்டுமா?

பழைய_ஸ்பேனர்:
கியர்பாக்ஸை இறக்குங்கள், அலுமினியப் பெட்டிதான், ட்ராலி ஜாக்கியும் கூடப் பிடிக்க ஒரு ஆளும் போதும். இறக்கியதும் கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீல் எல்லாவற்றையும் சேர்த்தே பாருங்கள், இதற்காக இன்னொரு முறை இறக்குவது வீண் வேலை. சின்க்ரோ ரிங்கைக் கியரின் கோனில் அழுத்திப் பிடித்து இடைவெளியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விடுங்கள், அரை மி.மீ.க்கும் குறைவென்றால் புதிது போடுங்கள்.

கிரவுன் பினியனை இப்போதைக்குத் தொடாதீர்கள். பினியன் ஆழத்துக்கு ஷிம் (மெல்லிய தகட்டு வளையம்), பேரிங் இறுக்கத்துக்கு நசுங்குகிற ஸ்பேசர், பிறகு பேக்லாஷ் (பற்களுக்கிடையே இருக்கும் ஆட்டம்), பல் பதிவு என்று எல்லாம் ஒன்றையொன்று பிடித்து நிற்கிறது. டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் முள் கருவி) இல்லாமல் பிரித்தால் இப்போதிருக்கும் லேசான ஊளை பெரிய ஊளையாகிவிடும். மவுண்டும் கிராஸும் மாற்றிய பிறகும் சத்தம் இருந்தால், ஆக்சில் ஷாஃப்ட் இரண்டையும் உருவி, கேரியரை (கிரவுன் பினியன் உட்கார்ந்திருக்கும் பகுதி) முழுசாக முன்பக்கமாகக் கழற்றி, டயல் கேஜ் வைத்து வேலை செய்கிறவரிடம் கொடுங்கள். மாற்ற வேண்டி வந்தால் கிரவுனும் பினியனும் ஜோடியாகத்தான் வாங்க வேண்டும், ஸ்பேசரும் புதிதாக. ஷாஃப்டை உருவ பிரேக் பைப்பைக் கழற்ற வேண்டியிருக்கும், அதனால் திரும்ப மாட்டியதும் பிரேக்கில் ஏர் எடுத்துவிட்டுத்தான் வண்டியை ரோட்டில் இறக்க வேண்டும்.