நாலறை வீட்டில் 41 ரோபோக்களும் அப்பாவின் காமிக்ஸும்: ஹாலில் எப்படி வைப்பது?

பொங்கோல்வாசி எழுதியது:

வணக்கம். போன மாதம் சிங்கப்பூர் பொங்கோலில் எங்கள் பிடிஓ (பதிவு செய்தபின் அரசு கட்டித் தரும் அடுக்குமாடி) வீட்டுச் சாவி கையில் கிடைத்தது. நாலறை வீடு. நான், மனைவி, ஐந்து வயது மகள், அம்மா, நான்கு பேர்.

என்னிடம் 41 கண்டம் (Gundam) மாடல்கள் இருக்கின்றன. தெரியாதவர்களுக்காக: 1979இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் வந்த ராட்சத ரோபோத் தொடர் அது. 1980 முதல் பாண்டாய் நிறுவனம் அந்த ரோபோக்களைப் பிளாஸ்டிக் துண்டுகளாக விற்கிறது, நாம்தான் வெட்டிப் பொருத்த வேண்டும். 29 மாடல்கள் 1/144 அளவு, 11 மாடல்கள் 1/100, ஒன்றே ஒன்று 1/60. முதல் மாடலை அப்பா வாங்கித் தந்தபோது எனக்கு ஒன்பது வயது. அவர் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு சுங்கை ரோடு சந்தைக்குப் போவார். ஓடாத டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்றை அங்கே வாங்கி, வீட்டில் உட்கார்ந்து ஓட வைப்பார். மாடலைப் பொருத்துவதற்கு, துண்டுகளை வெட்டும் நிப்பரைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். இப்போது அவரும் இல்லை, 2017இல் மூடிய அந்தச் சந்தையும் இல்லை.

அவர் மன்னார்குடியிலிருந்து வரும்போது இரும்புப் பெட்டியில் கொண்டு வந்த முத்து காமிக்ஸ் அறுபது இருக்கிறது. அவர் பழுதுபார்த்த ரேடியோ ஒன்றும் இருக்கிறது, இன்னும் பாடுகிறது. இதையெல்லாம் படுக்கையறையில் ஒளித்து வைக்க எனக்கு விருப்பமில்லை. ஹாலில், வருபவர்கள் கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அம்மாவுக்கும் அதே ஆசை.

கான்ட்ராக்டர் ஒரு படம் வரைந்து அனுப்பினார். ஹால் சுவர் முழுக்க, 3.4 மீட்டருக்கும், தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி அலமாரி. உள்ளே நிறம் மாறும் எல்இடி. மனைவி பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு, ஆனா நாம கடையில குடியிருக்கிற மாதிரி இருக்கு” என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது. அவளுக்கு என் மாடல்கள் மேல் வெறுப்பில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்து உட்கார்ந்தால் கண்ணுக்கு ஓய்வு வேண்டும் என்கிறாள். அது நியாயம்தானே?

ஜன்னல் மேற்குப் பக்கம். சுவர்கள் வெள்ளை, தரை சாம்பல் நிற டைல். இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

நிறக்கோடு பதில்:

வாழ்த்துகள். நான் 11 வருடமாக வீட்டு உள்ளலங்காரம் வரையும் வேலையில் இருக்கிறேன். உங்கள் மனைவி சொன்னது சரி. முழுச்சுவர் அலமாரி வேண்டாம்.

41ஐயும் ஒரே நேரத்தில் காட்ட வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். பொருளுக்குப் பொருள் இடைவெளி இருந்தால்தான் அது அலங்காரம். நெருக்கி வைத்தால் ஸ்டோர் ரூம்தான். ஒரு தட்டில் மூன்றுக்கு மேல் நிற்க வேண்டாம்.

தட்டின் உயரத்தை மாடலிலிருந்தே கணக்குப் போடலாம். கதையில் முதல் கண்டத்தின் உயரம் 18 மீட்டர். அப்படியென்றால் 1/144இல் 12.5 செ.மீ., 1/100இல் 18, 1/60இல் 30. கையைத் தூக்கி ஆயுதம் பிடித்து நின்றால் இன்னும் கொஞ்சம் வேண்டும். ஆகவே சின்னவற்றுக்கு 20 செ.மீ. இடைவெளி, நடுத்தரத்துக்கு 28, பெரியதற்கு 42 என்று வையுங்கள். ஆழம் 25 செ.மீ. போதும். கான்ட்ராக்டர்கள் வழக்கமாக எல்லாத் தட்டையும் ஒரே உயரத்தில் போட்டுவிடுவார்கள். சின்ன மாடலின் தலைக்கு மேல் அரை அடி வெறும் காற்று தெரியும். பொம்மைக் கடை மாதிரி தோன்றுவதற்கு அதுதான் பாதிக் காரணம்.

பின்பலகைக்குக் கண்ணாடி ஒட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள், ஒவ்வொன்றும் இரண்டாகத் தெரியும். பளபளப்பில்லாத ஒரே நிறம் நல்லது. முதல் கண்டத்தின் நிறங்கள் வெள்ளை, நீலம், சிவப்பு, மஞ்சள். அந்த நீலத்தை நன்றாகச் சாம்பலாக்கி பின்பலகைக்கு அடியுங்கள். அதே நிறத்தில் சோபாவில் ஒரே ஒரு திண்டு. அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கண்டம் படம் போட்ட திண்டு, விரிப்பு, கடிகாரம் எதுவும் வேண்டாம். பொருள் ஒன்று பேசினால் போதும், சுற்றியிருப்பதெல்லாம் சேர்ந்து பேச வேண்டியதில்லை.

விளக்குப் பட்டையைத் தட்டின் முன்விளிம்பில், உள்நோக்கி ஒட்டச் சொல்லுங்கள். பின்னால் ஒட்டினால் மாடல்கள் கறுப்பு நிழலாக நிற்கும், நீங்கள் மணிக்கணக்கில் ஒட்டிய சின்ன எழுத்துகள் ஒன்றுகூடத் தெரியாது. 3000 கெல்வின், அதாவது இளமஞ்சள் வெளிச்சம், நிறம் மாறாதது.

இன்னொன்று. பாம் ஷெல்டர் (வீட்டுக்குள் இருக்கும் குண்டுவீச்சுப் பாதுகாப்பு அறை) சுவராக இருந்தால் துளை போடுவதற்குத் தனி விதிமுறை உண்டு, தொடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். புது வீடுகளில் உள் தடுப்புச் சுவர்கள் பல இடங்களில் இலேசான பலகைச் சுவர்கள்தான். தட்டிப் பார்த்து, அதற்கேற்ற ஆணி போடச் சொல்லுங்கள்.

---

பழையபுத்தகம் பதில்:

தம்பி, ரோபோ பற்றி எனக்குத் தெரியாது. அப்பாவின் காமிக்ஸ் பற்றிச் சொல்கிறேன். எனக்கு 58 வயது, தோ பாயோவில் இருக்கிறேன், நாற்பது வருடமாக இதைச் சேர்க்கிறேன்.

அந்தப் புத்தகங்களைத் தயவுசெய்து சுவரில் மாட்டாதீர்கள். முத்து காமிக்ஸ் 1972இல் சிவகாசியிலிருந்து வர ஆரம்பித்தது, முதல் இதழ் இரும்புக்கை மாயாவி. அந்தக் காலத்து இதழ்களெல்லாம் மலிவான தாள். மரக்கூழில் உள்ள லிக்னின் வெளிச்சம் பட்டால் பழுப்பாகி, விளிம்பு அப்பளம் மாதிரி நொறுங்கும். நான் 2009இல் இரண்டு அட்டைகளைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டினேன். நேர் வெயில்கூட இல்லை, பக்கவாட்டு வெளிச்சம்தான். நான்கு வருடத்தில் சிவப்பும் மஞ்சளும் போய், நீலமும் கறுப்பும் மட்டும் மிஞ்சின. அவை எனக்கு என் மாமா கொடுத்தவை. இன்றைக்கும் அதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. உங்களுக்கு மேற்கு ஜன்னல் வேறு.

அசலை ஸ்கேன் செய்து, நல்ல தாளில் அச்சடித்து, அந்த அச்சுப் படத்தை மாட்டுங்கள். பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் சட்டம் போடும் கடைகள் இருக்கின்றன. படத்தைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்கு வெள்ளை அட்டை விட்டு, மெல்லிய கறுப்புச் சட்டம். மூன்று படம் போதும், ஒரே உயரத்தில் ஒரே வரிசை. வெளுத்தால் மறுபடி அச்சடித்துக்கொள்ளலாம், அசல் பத்திரமாக இருக்கும்.

அசலை கேமரா வைக்கும் டிரை கேபினட்டில் வையுங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் சராசரியாகவே 80 விழுக்காட்டுக்கு மேல். கேபினட்டில் 45 முதல் 50 வரை வைத்தால் பூஞ்சை வராது, தாளும் காய்ந்து முறுகாது. உறை பாலிப்ரொப்பிலீனாக இருக்கட்டும். மெத்தென்று இருக்கும் பிவிசி உறை நாளடைவில் அட்டையோடு ஒட்டிக்கொள்ளும். லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள், அதைப் பிறகு பிரிக்கவே முடியாது. பெட்டியிலிருந்து எடுக்கும்போது ஒவ்வொரு புத்தகத்தையும் தட்டி, ராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று பார்த்த பிறகே கேபினட்டுக்குள் வைக்க வேண்டும். ஒன்று போனாலும் எல்லாவற்றையும் தின்னும்.

நேரம் கிடைத்தால் மகளைக் கூட்டிக்கொண்டு சியா ஸ்திரீட்டில் உள்ள மின்ட் பொம்மை அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். 2007இல் திறந்தது. பழைய தகர ரோபோக்களைக் கண்ணாடிக்குப் பின்னால் எப்படி நிற்க வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே உங்களுக்கு யோசனை வரும்.

---

கலா_யீஷூன் பதில்:

நான் எதையும் சேர்ப்பவள் இல்லை, என் கணவர் சேர்ப்பவர். விண்வெளிக் கப்பல் லெகோ. உங்கள் மனைவியின் இடத்திலிருந்து எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் இந்தச் சண்டை ஒரு நவராத்திரியில் தீர்ந்தது. அந்த வருடம் ஏழு படி கொலு வைத்தேன். ஏறக்குறைய நூறு பொம்மை ஹாலில் நின்றது. வந்தவர்கள் எல்லாரும் அழகு என்றார்கள், யாரும் கடை மாதிரி இருக்கிறது என்று சொல்லவில்லை. ஏன் என்று அன்றிரவு யோசித்தேன். கொலுவில் எது எங்கே என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. கீழே செடி கொடி, பிராணிகள், அப்புறம் மனிதர்கள், மகான்கள், மேலே தெய்வங்களும் கலசமும். பார்ப்பவர் கண் தானாக ஏறுகிறது. பின்னால் வெறும் துணிதான், வேறு அலங்காரம் கிடையாது. முக்கியமானது, பத்து நாளில் முடிகிறது. விஜயதசமி இரவு ஒரு பொம்மையைப் படுக்க வைத்துவிட்டு, மறுநாள் துணி சுற்றிப் பெட்டியில் வைத்துவிடுகிறோம். அடுத்த வருடம் திறக்கும்போது மரப்பாச்சியைப் பார்த்தால் ஊரிலிருந்து ஆள் வந்த மாதிரி இருக்கும். வருடம் முழுக்க நின்றால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

அதையே கணவரிடம் சொன்னேன். இப்போது எங்கள் ஹாலில் மூன்றே தட்டு. நான்கு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுகிறார். மாற்றும் நாளில் பிள்ளைகளுக்குத்தான் கொண்டாட்டம், எந்தக் கப்பல் வரவேண்டும் என்று ஓட்டுப் போடுகிறார்கள்.

உங்கள் மகளுக்கும் கீழ்த்தட்டைக் கொடுங்கள். கொலுவில் நாம் பார்க் வைப்போமே, அது போல. தொட்டு விளையாட அவளுக்கென்று ஓர் இடம் இருந்தால் மேல்தட்டில் கை வைக்க மாட்டாள்.

சாமி மாடம் ஹாலில் வருமென்றால் அலமாரியை அதற்கு எதிர்ப்பக்கம் தள்ளி வையுங்கள். சாம்பிராணிப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் பிளாஸ்டிக்கில் படிந்தால் தூசி அதில் ஒட்டிக்கொள்ளும், துடைத்தாலும் போகாது. லெகோவை ஒவ்வொரு கட்டையாகக் கழுவிய அனுபவம் எனக்கு உண்டு. அம்மாவிடம் கேட்டு மாடத்தின் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள்.

---

ஜூரோங்_நிப்பர் பதில்:

அண்ணே, கண்ணாடிக்குள் போகும் மாடல்களுக்கு மட்டுமாவது மேட் ஸ்பிரே அடிச்சிடுங்க. பிளாஸ்டிக் பளபளப்பு போனாலே பொம்மைத்தனம் பாதி குறைஞ்சிடும், சின்னச் சிற்பம் மாதிரி நிக்கும். மழை நாள்ல அடிக்காதீங்க. காத்துல ஈரம் அதிகமா இருந்தா வெள்ளையா பனி படிஞ்ச மாதிரி ஆகிடும், கறுப்பு மாடல்ல பளிச்சுன்னு தெரியும். நல்லா வெயில் அடிக்கிற மதியம், முகக்கவசம் போட்டு, மெல்லிசா இரண்டு மூணு தடவை. வெள்ளைப் பாகங்கள் வெயில்ல மஞ்சளாகும், அதனால மேற்கு ஜன்னலுக்கு யூவி ஃபிலிம் ஒட்டிடுங்க.

---

பொங்கோல்வாசி பதில்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. கலா அக்கா எழுதியதை மனைவிக்கும் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அம்மா, “இதைத்தானே நானும் சொல்ல வந்தேன்” என்றார்.

முடிவு செய்தது இது. ஜன்னலுக்கு எதிரே வேண்டாம், ஜன்னல் இருக்கும் அதே பக்கச் சுவரில், வெயில் நேராக விழாத மூலையில் 1.2 மீட்டர் அகலத்துக்கு மட்டும் அலமாரி. சாமி மாடம் எதிர் மூலைக்குப் போகிறது. ஐந்து தட்டு. கீழ்த்தட்டு மகளுக்கு, கதவு இல்லாமல். அதற்கு மேல் 1/144 மூன்று. அடுத்து கண் உயரத்தில் அப்பாவின் ரேடியோ, அதன் பக்கத்தில் அவர் வாங்கித் தந்த அந்த முதல் மாடல். வேறெதுவும் அந்தத் தட்டில் இல்லை. நிறக்கோடு சொன்ன உயரக் கணக்கை அப்படியே கான்ட்ராக்டருக்கு அனுப்பினேன், மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். நீலம் எந்த நீலம் என்பதை மனைவி தேர்ந்தெடுத்தாள், நான் கேட்டதைவிட இன்னும் சாம்பலானது. நிற அட்டைகளைச் சுவரில் ஒட்டிப் பார்த்தபோது அவள் சொன்னதுதான் பொருந்தியது.

மற்ற மாடல்கள் சிலிக்கா ஜெல்லோடு பெட்டியில். தைப்பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, தீபாவளி என்று வருடத்துக்கு மூன்று முறை மாற்றுவதாக இப்போதைக்கு எண்ணம்.

பழையபுத்தகம் ஐயா, நேற்றிரவு இரும்புப் பெட்டியை அம்மா திறந்தார். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தோம், பூச்சி இல்லை. மூன்று அட்டையை அவரையே தேர்ந்தெடுக்கச் சொன்னேன். மாயாவியை உடனே எடுத்தார். மற்ற இரண்டுக்கு ஒரு மணி நேரம் ஆனது, ஏனென்றால் ஒவ்வொன்றின் உள்ளட்டையிலும் அப்பா பென்சிலில் தேதி எழுதி வைத்திருக்கிறார், அம்மா அதையெல்லாம் வாசித்துக்கொண்டிருந்தார். இப்போது எனக்கு ஒரு கேள்வி: முதுகுப் பக்கத்தைப் பிரிக்காமல், அழுத்தாமல் அட்டையை ஸ்கேன் செய்வது எப்படி? நீங்கள் எப்படிச் செய்தீர்கள் ஐயா? அந்தப் பென்சில் எழுத்தையும் சேர்த்து அச்சடிக்க ஆசை.

---

பழையபுத்தகம் பதில்:

ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்த வேண்டாம் தம்பி. புத்தகத்தைப் பாதி மட்டும் திறந்து, கீழே மடித்த துண்டு வைத்துத் தாங்கி, நேர் மேலே முக்காலியில் கேமரா வைத்துப் படம் எடுக்கலாம். இரு பக்கமும் ஒரே மாதிரி விளக்கு, ஃபிளாஷ் வேண்டாம். பென்சில் எழுத்துக்கு மட்டும் ஒரு விளக்கை அணைத்துவிட்டு, பக்கவாட்டு வெளிச்சத்தில் இன்னொரு படம் எடுங்கள், அழுத்தி எழுதிய தடம் தெரியும். என்னிடம் முக்காலியும் விளக்கும் இருக்கிறது. சனிக்கிழமை மதியம் ஓய்வென்றால் தனிச்செய்தி அனுப்புங்கள், மூன்று புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். அம்மாவுக்கு முடிந்தால் அவரையும் கூட்டி வாருங்கள்.