"நான் குளித்தேன்" என்றால் மற்றவர்கள் குளிக்கவில்லையா?

தெப்பக்குளத்து வாத்தியார்:

மதுரைக்கு வந்து தங்கும் வெளிநாட்டவருக்குத் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன். போன தை மாதம் ஒரு பிரெஞ்சுப் பெண்ணும் ஓர் இத்தாலியரும் சேர்ந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு என் சின்னம்மா வீட்டு மாடியில் அறை. ஒரு வாரம் கழித்துச் சின்னம்மா என்னைக் கூப்பிட்டுக் குறைப்பட்டுக்கொண்டார். "நல்ல பிள்ளைதான். ஆனால் படி இறங்கும்போதே 'நான் குளித்தேன், நான் துணி துவைத்தேன், நான் இட்லி சாப்பிட்டேன்' என்கிறாள். நாங்கள் எல்லாம் குளிக்காமலா உட்கார்ந்திருக்கிறோம்?"

சின்னம்மாவின் காது சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது. 'குளித்தேன்' என்றாலே ஆள் யாரென்று தெரிந்துவிடுகிறது. அதற்கு மேல் ஒரு 'நான்' வந்தால் அதற்கு ஏதோ வேலை இருக்க வேண்டும். ஒன்று பெருமை, இல்லாவிட்டால் குத்தல்.

அந்தப் பெண்ணையும் குறை சொல்ல முடியாது. பிரெஞ்சில் பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறார்கள் மூன்றையும் எழுத்தில்தான் பிரித்துக் காட்டுவார்கள். வாயில் வரும்போது மூன்றுமே 'பார்ல்'. முன்னால் ஒரு சொல் நிற்காவிட்டால் பேசுவது யாரென்றே தெரியாது. இத்தாலியில் பார்லோ, பார்லி, பார்லா என்று கடைசி எழுத்தே ஆளைச் சொல்லிவிடும். அதனால் இத்தாலியர் முதல் நாளிலிருந்தே நம்மைப் போலப் பேசினார். "நேற்று அழகர்கோவில் போனேன். பழத்தைப் பிடுங்கிவிட்டது" என்றார். எது என்று கேட்டேன். குரங்கு! விடுவதற்கும் ஓர் அளவு உண்டு; கேட்பவருக்குத் தெரிந்ததைத்தான் விடலாம் என்று அன்றைய வகுப்பு அதிலேயே போயிற்று.

பிரெஞ்சுப் பெண் இன்னொரு நாள் ஜன்னலைப் பார்த்து "அது மழை பெய்கிறது" என்றாள். எது என்று நானும் திரும்பிப் பார்த்தேன். அவர்கள் மொழியில் மழைக்குக்கூட முன்னால் ஒரு பொம்மைச் சொல் நிற்க வேண்டும், பொருள் இல்லாவிட்டாலும். நமக்கு மழையே எழுவாய். சித்திரையில் 'புழுங்குகிறது' என்கிறோமே, அதற்கு எழுவாய் எது என்று அவள் திருப்பிக் கேட்டாள். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் 'தோன்றா எழுவாய்' என்று படித்திருப்பீர்கள். அது தோன்றியதாலோ தோன்றாததாலோ உங்களுக்கு ஏதாவது நடந்திருக்கிறதா?

மேலூர் மகள்:

எனக்கு நடந்தது தோன்றாததால் பிழைத்த கதை. என் தாய்மாமன் மகனும் நானும் ஒன்றாகப் புளியங்காய் அடித்து வளர்ந்தவர்கள். 'நீ' என்றுதான் கூப்பிடுவேன். எனக்குக் கல்யாணமான மறு வருடம் அவன் என் நாத்தனாரைக் கட்டிக்கொண்டான். முறைப்பையன் ஒரே நாளில் அண்ணன் முறை ஆகிவிட்டான். மாமியார் முன்னால் 'நீ' என்றால் வீடு இரண்டுபடும். 'நீங்கள்' என்றால் அவனே சிரித்துவிடுவான்.

ஆகவே ஒன்றரை வருடம் ஆளே இல்லாத தமிழில் பேசினேன். "சாப்பிட்டாயிற்றா? காப்பி வேண்டுமா? இந்த வெயிலில் வரலாமா? எப்போது கிளம்ப வேண்டும்?" எதிலாவது நீ, நீங்கள் இருக்கிறதா பாருங்கள். 'சாப்பிட்டாயா' என்றால் மாட்டிக்கொள்வேன், விகுதி காட்டிக்கொடுத்துவிடும். 'சாப்பிட்டாயிற்றா' என்றால் சாப்பாடு மட்டும்தான் இருக்கிறது, ஆள் இல்லை. யாரும் கவனிக்கவே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு தீபாவளிக்கு அவனே காதோரம் வந்து, "எத்தனை நாளைக்கு இப்படியே ஓட்டுவதாக உத்தேசம்?" என்றான். அதிலும் ஆள் இல்லை!

விளாங்குடி:

என் பெரியப்பா போனில், "சாயங்காலம் திருப்பரங்குன்றம் போகிறோம்" என்றார். அரை நாள் லீவு போட்டுப் பெரியார் பஸ் நிலையத்தில் ஐந்து மணியிலிருந்து நின்றேன். ஆறரைக்குக் கூப்பிட்டால் அவர்கள் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர் சொன்னது நாங்கள், நான் கேட்டது நாம். வாயைத் திறந்து ஒரு சொல் சேர்த்திருந்தால் என் அரை நாள் மிஞ்சியிருக்கும். அவ்வளவு அழகாக நாம், நாங்கள் என்று பிரித்து வைத்த மொழி, வினையில் மட்டும் இரண்டுக்கும் ஒரே 'ஓம்' போட்டுவிட்டது.

மாட்டுத்தாவணி கமிஷன் கடை:

நான் கோட்டயத்துக்குக் காய்கறி அனுப்புகிறவன். மலையாளம் அரைகுறை. ஒரு தடவை முருங்கைக்காய் லோடு ஏற்றிவிட்டு, மறுநாள் காலை அங்குள்ள வியாபாரியைக் கூப்பிட்டு "வந்நோ?" என்றேன். "வந்நு" என்றார். சரக்கு இறங்கிவிட்டது என்று நோட்டில் எழுதி, டீயும் குடித்துவிட்டேன். மதியம்தான் தெரிந்தது, வந்தது டிரைவர் மட்டும். லாரி குமுளி மலைப்பாதையில் படுத்துக்கொண்டது; அவர் உதிரிபாகம் தேடி பஸ் ஏறிப் போயிருக்கிறார். நம் ஊராக இருந்தால் 'வந்தார்' என்றதும் லாரி இல்லை என்று புரிந்திருக்கும். மலையாளத்தில் நான் வந்தாலும், அவள் வந்தாலும், லாரி வந்தாலும் 'வந்நு'தான். விகுதி இல்லாதபோது அவர்கள் எழுவாயை விடாமல் சொல்ல வேண்டாமா வாத்தியாரே? அவர்களும் நம்மைப் போலத்தான் விடுகிறார்கள்.

தெப்பக்குளத்து வாத்தியார்:

கமிஷன் கடைக்காரர் கேட்டதில்தான் மொழியியல்காரர்களும் சிக்கிக்கொண்டார்கள். டேவிட் பெர்ல்மட்டர் 1971இல் எழுவாயை விட அனுமதிக்கும் மொழிகள், அனுமதிக்காத மொழிகள் என்று பிரித்துப் பார்த்தார். பிறகு சாம்ஸ்கி, இத்தாலிய அறிஞர் லூயிஜி ரிட்சி போன்றவர்கள் அதை வளர்த்தார்கள். வினை விகுதி வளமாக இருந்தால் எழுவாய் உதிரலாம் என்ற விளக்கம் அப்போது வலுவாக இருந்தது. இத்தாலிக்கும் ஸ்பானிஷுக்கும் அளவெடுத்துத் தைத்த சட்டை. ஜெர்மனுக்குப் பொருந்தவில்லை: அங்கே விகுதி ஓரளவு இருந்தும் எழுவாய் வேண்டும். ஜப்பானில் 'தபெதா' என்றால் சாப்பிட்டேன், சாப்பிட்டான், சாப்பிட்டார்கள் எல்லாமே அதுதான். ஆனாலும் எழுவாயைத் தாராளமாக விடுவார்கள். சீனமும் அப்படியே. அங்கெல்லாம் வினை காட்டிக்கொடுப்பதில்லை, பேச்சில் ஏற்கெனவே நடுவில் வைத்த விஷயம் காட்டிக்கொடுக்கிறது என்று ஜேம்ஸ் ஹுவாங் 1984இல் எழுதினார். உங்கள் வியாபாரிக்கு நடுவில் இருந்தது டிரைவர், உங்களுக்கு முருங்கைக்காய்.

என்னைக் கேட்டால் தமிழையும் முழுக்க இத்தாலி வரிசையில் நிறுத்தக் கூடாது. 'வரவில்லை' என்பதைப் பாருங்கள். நான், நீ, அவர்கள், பஸ், மழை யாருக்கும் அதே சொல். விகுதியே கிடையாது. அங்கேயும் கூசாமல் எழுவாயை விடுகிறோமே! மேலூர் மகள் ஒன்றரை வருடம் குடித்தனம் நடத்தியது இந்த ஓட்டைக்குள்தான்.

இன்னொன்று. எழுவாயை விடுவதுதான் விசித்திரம் என்று ஆங்கிலம் படித்த நமக்கு ஒரு நினைப்பு. மேத்யூ டிரையர் 711 மொழிகளை அடுக்கிப் பார்த்ததில், எழுவாய் இடத்தில் தனிச்சொல் கட்டாயம் வேண்டும் என்பவை 82தான். 437 மொழிகளில் ஆளைக் காட்டும் வேலையை வினையில் ஒட்டிய உறுப்பே பார்த்துக்கொள்கிறது. பிரெஞ்சே பழைய காலத்தில் எழுவாயை விட்டுக்கொண்டிருந்த மொழிதான். இதைச் சொன்னதும் என் மாணவி மிகவும் மகிழ்ந்து, "அப்படியானால் நான் பழைய பிரெஞ்சுக்குப் போகிறேன்" என்றாள். 'நான்' இன்னும் போகவில்லை.

மேலூர் மகளே, தீபாவளிக்குப் பிறகு என்ன ஆயிற்று?

மேலூர் மகள்:

மகள் பிறந்துவிட்டாள். இப்போது அவளைத்தான் கேட்கிறேன். "மாமா சாப்பிட்டாரா என்று கேட்டுவிட்டு வா." ஒரு கை தள்ளித்தான் உட்கார்ந்திருப்பான்.