சாப்பாட்டுக் கழிவை எண்ணெயில் உலர்த்தினால் புரதத் தீவனம் கிடைக்குமா?

எண்ணெய்ச்சட்டி:
மீந்த சாப்பாட்டைக் கொட்டுவானேன்? பழைய சமையல் எண்ணெயில் போட்டு ஈரத்தை விரட்டி, எண்ணெயைப் பிழிந்து, அரைத்தால் கோழிக்கும் மீனுக்கும் புரதத் தீவனம். காற்றைவிட எண்ணெயில் வேகமாகவும் காயும். யாரும் ஏன் பெரிதாகச் செய்வதில்லை?

கணக்கன்:
எண்ணெய் புரதத்தை உண்டாக்காதுங்க, தண்ணீரைத்தான் எடுக்கும். 1 டன் கழிவில் முக்கால் பங்கு தண்ணீர். அந்த 750 கிலோவை ஆவியாக்க மட்டும் ஏறக்குறைய 470 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் வேண்டும். மிஞ்சும் 250 கிலோவில் ஐந்தில் ஒரு பங்கு புரதம் என்று வைத்தாலும் 50 கிலோ. கட்டுப்படியாகுமா?

எண்ணெய்ச்சட்டி:
ஆவியை வெளியே விட்டால்தானே இந்தக் கணக்கு? அழுத்தத்தைக் குறைத்தால் தண்ணீர் 50 டிகிரியிலேயே கொதிக்கும். ஒரு கலத்தின் ஆவியால் இன்னொரு கலத்தைச் சூடாக்கலாம். கார்வர்-கிரீன்ஃபீல்டு முறை அதுதான்.

கணக்கன்:
லாஸ் ஏஞ்சல்ஸ் ஹைப்பீரியன் கழிவுநீர் நிலையத்தில் அதே முறையைச் சாக்கடைக் கசடுக்குப் போட்டு, ஒழுங்காக ஓட்ட முடியாமல் கைவிட்டார்களே, அதையும் சொல்லுங்க.

தீவனக்காரர்:
செலவை விடுங்க, தீவனத்தைப் பாருங்க. எண்ணெயில் விழுந்ததும் நுரைத்துப் பொங்கும். ஈரம் இருக்கும்வரை துண்டின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். குமிழி அடங்கினதும் விறுவிறுவென்று எண்ணெய்ச் சூட்டுக்கு ஏறிவிடும். அப்போது அள்ளாமல் விட்டால் புரதத்தில் இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் சர்க்கரையோடு பிணைந்து பழுப்பேறிவிடும். ஆய்வகத்தில் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுவார்கள். அந்த எண் அவ்வளவாகக் குறையாது, ஆனால் கோழிக்கு அந்த லைசின் உதவாது. உப்பு வேறு அப்படியே தங்கும்.

எண்ணெய்ச்சட்டி:
சூட்டைக் குறைத்தால் போச்சு. அதற்குத்தானே குறைந்த அழுத்தம்?

தீவனக்காரர்:
50 டிகிரியில் எந்தக் கிருமி சாகும்? 2001-இல் பிரிட்டனில் கோமாரி கிளம்பியது, சரியாகச் சூடாக்காத எச்சில் உணவைப் பன்றிக்குப் போட்ட பண்ணையிலிருந்துதான் என்று விசாரணையில் சொன்னார்கள். 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். அதற்கப்புறம் அங்கே சமையலறைக் கழிவைப் பன்றிக்குப் போடவே தடை.

எண்ணெய்ச்சட்டி:
சரி, எச்சில் வேண்டாம். ஆலையிலிருந்து தினமும் ஒரே மாதிரி வரும் சோயாப்பால் சக்கை? எலும்பு, இறைச்சி கிடையாது, உப்பும் கிடையாது.

தீவனக்காரர்:
அதென்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. புளிப்பதற்குள் காய வைக்கணும், அவ்வளவுதான்.

கணக்கன்:
அதிலும் ஐந்தில் நாலு பங்கு ஈரம் சார். முதலில் திருகு அழுத்தியில் பிழிங்க, வழிகிற தண்ணீருக்கு ஆவியாக்கும் செலவு மிச்சம். பாக்கி ஈரத்துக்கு எண்ணெய்தான் வேண்டுமா, சூடான காற்றே போதுமா என்று அப்புறம் சண்டை போடலாம்.