பிளஸ் ஒன் பொதுத்தேர்வு போன பிறகு, பதினோராம் வகுப்புப் பாடம் நடக்குமா?

கேள்வி: வெண்பலகை

வணக்கம். அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இயற்பியல் கற்பிக்கிறேன். 2025 ஆகஸ்டில் வெளியான தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கையோடு பிளஸ் ஒன் பொதுத்தேர்வு கைவிடப்பட்டது. பிள்ளைகளின் சுமை குறைந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அடுத்த சில வாரங்களிலேயே, பதினோராம் வகுப்பின் பாடவேளைகள் சிலவற்றை விட்டுக்கொடுத்து, பிளஸ் டூ மாணவர்களுக்குச் சிறப்பு வகுப்பு எடுக்குமாறு என்னிடம் கேட்டார்கள். வெப்ப இயக்கவியலையும் அலைவுகளையும் "மேலோட்டமாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்றும் சொல்லப்பட்டது. பொதுத்தேர்வு என்ற கட்டாயம் இல்லாவிட்டால் ஒரு பாடத்தை முழுமையாக நடத்தவே முடியாதா? மற்ற பள்ளிகளில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பதில் 1: மூன்றாம் மணி

அம்மா, நான் ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியன். நீங்கள் சொல்வது எங்களுக்குப் பழகிய கதை. பிளஸ் டூவுக்கு 1200 மதிப்பெண் இருந்த காலத்தில், பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைப் பெயருக்கு முடித்துவிட்டு, அதே ஆண்டிலேயே பிளஸ் டூ புத்தகத்தைப் பிரித்துவிடும். எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண்ணுக்குக் கேள்வி வரும் என்று சொல்லும் புளூபிரிண்டும் கையில் இருந்ததால், பிளஸ் டூவிலேயேகூடச் சில பாடங்களைத் தொடாமல் விட்டவர்கள் உண்டு. இந்த வழக்கத்தை உடைக்கத்தான் 2017-இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு அறிவித்து, 2018 மார்ச்சில் முதன்முறையாக நடத்தினார்கள். இரண்டு ஆண்டு மதிப்பெண்ணும் சேர்ந்து கணக்காகும் என்பதுதான் அதன் பிடிமானம். அந்த ஆண்டு செப்டம்பரிலேயே, உயர்கல்விக்குப் பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்று அறிவித்துவிட்டார்கள். ஆகவே, அந்தத் தேர்வின் பிடி 2025-இல்தான் விட்டது என்று சொல்ல மாட்டேன்.

பதில் 2: செங்கல்சூளை

ஐயா சொல்வது சரி. ஆனால் தேர்வு இருந்த ஆண்டுகளில் பாடம் நடந்த விதத்தையும் பார்க்க வேண்டும். இயற்பியலில் எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்ணுக்கு. அதில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 15. அவற்றுக்காக "புக் பேக்" எனப்படும், பாட முடிவில் உள்ள பயிற்சி வினாக்களின் விடைகளை எண்ணோடு மனப்பாடம் செய்ய வைத்தோம். மெல்லக் கற்கும் மாணவர்களுக்கென்று தேர்ச்சிக்கு மட்டும் போதுமான கையேடு தயாரித்தோம். தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் கூட்டத்தில் எழுந்து நின்று விளக்கம் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்தானே! சீரிசை இயக்கத்தின் சமன்பாட்டை ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதிய மாணவி, மறு ஆண்டு மாறுதிசை மின்னோட்டத்தில் கட்ட வேறுபாடு வந்தபோது அதைப் புதுப் பாடமாகவே பார்த்தாள். அவளுக்கு முழு மதிப்பெண் போட்டவனும் நானே.

பதில் 3: தாமிரபரணிக்கரை

நான் ஆசிரியன் அல்லன், தகப்பன். என் மகள் நீட் எழுதுகிறாள். அங்கே 180 வினாக்கள், 720 மதிப்பெண், தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் குறையும். பதினோராம் வகுப்பிலிருந்தும் வினாக்கள் ஏராளமாக வருகின்றன. பள்ளி விட்ட பாடத்தைப் பயிற்சி மையத்தில் பணம் கட்டிப் படிக்க வைக்கிறேன். என்னால் முடிகிறது, எங்கள் தெருவில் பலரால் முடியாது. பாடவேளையை விட்டுக்கொடுக்காதீர்கள், அம்மா.

வெண்பலகை

அனைவருக்கும் நன்றி. நிலைமின்னியல் நடத்தும்போது ஈர்ப்பியலையும், மாறுதிசை மின்னோட்டத்தின்போது அலைவுகளையும் திரும்பத் தொட வேண்டியிருக்கிறது என்பதைப் பாடவாரியாக எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். பிளஸ் டூ முடிவுகளையே காரணமாகக் காட்டித்தான் பிளஸ் ஒன் வகுப்பைக் கேட்க வேண்டியிருக்கிறது என்பது சற்று வேடிக்கைதான். வாரத்துக்கு இரண்டு பாடவேளைகள் திரும்பக் கிடைத்திருக்கின்றன. மீதியைக் காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு பேசலாம் என்றிருக்கிறார்.