பீரோவில் கிடந்த சீட்டு

திருவொற்றியூர்ப் பெண்:
திருமணமாகி நான்கு ஆண்டுகள். 'ஏதாவது விசேஷம் உண்டா?' என்று கேட்காத வாய் எங்கள் தெருவில் கிடையாது. வெள்ளிக்கிழமை தவறாமல் வடிவுடையம்மன் சன்னதிக்குப் போனவளும் நான்தான், ரத்தச் சோதனைக்குக் கையைக் குத்தக் கொடுத்தவளும் நான்தான்.

முதலில் பார்த்த டாக்டரம்மா இருவருக்கும் சேர்த்தே சீட்டு எழுதினார். என் பக்கத்துக்கு அரைப் பக்கம்: மாதவிலக்கான இரண்டாம் நாள் எஃப்.எஸ்.எச்., எல்.எச்., எஸ்ட்ரடயால், கூடவே தைராய்டு, புரோலாக்டின், ஏ.எம்.எச். என்று ரத்தத்தில் ஹார்மோன் சோதனைகள்; சினைப்பையில் எத்தனை முட்டைப் பைகள் தெரிகின்றன என்று எண்ணும் ஸ்கேன். என் கணவர் பக்கத்துக்கு ஒரே வரி: விந்துப் பரிசோதனை. என் அரைப் பக்கத்தை ஒரே மாதத்தில் முடித்துவிட்டேன். அந்த ஒரு வரி மட்டும் பீரோவில் புடவைக்கு அடியில் இரண்டு ஆண்டுகள் கிடந்தது. "எங்கள் வீட்டு ஆண்களுக்கு என்ன குறை?" என்றார் மாமியார். கணவரோ வாயே திறக்கவில்லை.

பிறகு ஒரு தனியார் மையத்துக்குப் போனோம். முதல் சந்திப்பிலேயே ஐ.வி.எஃப். (உடலுக்கு வெளியே கருவை உருவாக்கிக் கர்ப்பப்பையில் வைக்கும் சிகிச்சை) செலவுக் கணக்கைத் தாளில் எழுதி நீட்டினார்கள். நகையை அடகு வைப்பதா, விற்பதா என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, கோப்பைப் புரட்டிய நர்ஸ், "சாருடைய ரிப்போர்ட் எங்கே?" என்று கேட்டார். இருபது வயதுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. அவருக்கு ஒரு கும்பிடு.

உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டின்படி, ஒரு மில்லி விந்தில் 1 கோடியே 60 லட்சம் உயிரணுக்கள் என்பது கீழ் எல்லை. என் கணவருக்கு இருந்தது 40 லட்சம். சிறுநீரியல் (யூராலஜி) டாக்டர் விரையில் நரம்புச் சுருட்டலை, அதாவது ரத்தக் குழாய் வீங்கிச் சுருண்டிருப்பதைக் கண்டுபிடித்தார். என் கணவருக்கு மணலியில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை; அந்த வெக்கையும் நல்லதில்லை என்றார். சிறு அறுவை சிகிச்சை நடந்தது. புது உயிரணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் பிடிக்குமாம், அதனால் மூன்று மாதம் கழித்துத்தான் மறுபரிசோதனை. இப்போது 1 கோடியே 10 லட்சம். ஐ.வி.எஃப். தேவையா என்ற பேச்சையே டாக்டர் தள்ளி வைத்திருக்கிறார்.

காசிமேட்டுக்காரர்:
அக்கா, ஆண்கள் ஏன் ஒளிகிறார்கள் என்று நான் சொல்கிறேன். விந்து கொடுக்க அந்தச் சிறு அறை, கையில் ஒரு டப்பா, வெளியே வரிசை. வெட்கம் பிடுங்கித் தின்றது. அதனால் வீட்டிலேயே எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினேன். ஒரு மணி நேரத்துக்குள், உடம்புச் சூட்டில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். நானோ பழைய வண்ணாரப்பேட்டை நெரிசலில் மாட்டி ஒன்றரை மணி நேரம் கழித்துக் கொடுத்தேன். 'அசைவு மிகக் குறைவு' என்று வந்தது. ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. மறுமுறை அங்கேயே கொடுத்தேன், சரியாக இருந்தது. இரண்டு முதல் ஏழு நாள் வரை விந்து வெளியேறாமல் இருந்துவிட்டுப் போக வேண்டும். அண்மையில் கடும் காய்ச்சல் வந்திருந்தால் சொல்லிவிட வேண்டும். ஒரே ரிப்போர்ட்டை வைத்து யாரையும் தூக்கில் போடாதீர்கள்.

பெரம்பூரிலிருந்து, வயது 38:
எனக்கு ஏ.எம்.எச். 0.9. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு ரயிலில் அழுதுகொண்டே வந்தேன். அது முட்டைகளின் கையிருப்பைத்தான் காட்டும், தரத்தைக் காட்டாது என்று பிறகுதான் தெரிந்தது. ஊசி போட்டால் எத்தனை முட்டை கிடைக்கும் என்று ஊகிக்க உதவும், அவ்வளவுதான்.

என் உண்மையான சிக்கல் கருக்குழாயில் இருந்தது. "ஐ.வி.எஃப்.தானே, குழாயைத் தாண்டித்தானே வைக்கிறார்கள், எதற்கு டியூப் டெஸ்ட்?" என்று நானும் கேட்டவள்தான். மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தபோது ஒரு குழாய் நீர் கோத்து வீங்கியிருந்தது. அந்த நீர் கர்ப்பப்பைக்குள் கசிந்தால் வைத்த கரு ஒட்டாமல் போகலாம். பிறகு கர்ப்பப்பைச் சவ்வையும் எடுத்துச் சோதித்தார்கள்; சிறு வயதில் எனக்குக் காசநோய் வந்திருந்தது. நம் நாட்டில் குழாய் அடைப்புக்கு அது முக்கியக் காரணங்களில் ஒன்று. குழாயை நீக்கிய பிறகே ஐ.வி.எஃப். செய்தார்கள். முதல் முறை நிற்கவில்லை. இரண்டாவதற்குக் காத்திருக்கிறேன்.

தண்டையார்பேட்டை ஆய்வகத்தில் வேலை செய்பவள்:
மாதவிலக்கு நாளை எண்ணும்போது லேசான கசிவை முதல் நாள் என்று எண்ணாதீர்கள், நன்றாகப் போக ஆரம்பித்த நாள்தான் முதல் நாள். முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் எங்களிடம் சொல்லுங்கள், சில ஹார்மோன் முடிவுகளைப் புரட்டிவிடும். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி சோதனைகள் இருவருக்கும் உண்டு. 'எங்களைச் சந்தேகப்படுகிறீர்களா' என்று எங்களிடம் சண்டைக்கு வர வேண்டாம்.

திருவொற்றியூர்ப் பெண்:
பெரம்பூர் அக்கா, எனக்கும் டியூப் டெஸ்ட் எழுதியிருக்கிறார்கள். மிகவும் வலிக்குமா? ஷேர் ஆட்டோவில் திரும்பலாமா?

பெரம்பூரிலிருந்து:
மாதவிலக்கு நின்ற பிறகு, பத்தாம் நாளுக்குள் வரச் சொல்வார்கள். மருந்து ஏறும்போது அடிவயிற்றைச் சுண்டி இழுக்கும், சில நிமிடங்கள்தான். முன்னதாக வலி மாத்திரை போடலாமா என்று கேட்டுக்கொள். கைப்பையில் நாப்கின் வைத்துக்கொள், பிறகு கொஞ்சம் கசியும். தனி ஆட்டோவே பிடி, அவரையும் கூட்டிப் போ.