காலாண்டு லீவுக்குக் கப்பல்: சென்னை–இலங்கையா, சிங்கப்பூர்–பினாங்கா?

கோட்டாறுக்காரன்
வணக்கம் மக்களே. புரட்டாசியில் பிள்ளைகளுக்குக் காலாண்டு விடுமுறை. கப்பலில் போகலாம் என்று வீட்டில் முடிவாகிவிட்டது, எந்தக் கப்பல் என்பதில்தான் அடிதடி. ஏஜென்ட் இரண்டு பிளான் தந்திருக்கிறார். ஒன்று, கோர்டேலியாவின் எம்ப்ரஸ்: சென்னையில் ஏறி அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை, திரும்பவும் சென்னை, 5 இரவு. இன்னொன்று ஜெண்டிங் ட்ரீம்: சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, ஃபூக்கெட், திரும்பவும் சிங்கப்பூர், 3 இரவு. நாங்கள் 5 பேர்: நான், மனைவி, பத்தாவதும் ஏழாவதும் படிக்கிற பையன்கள், அம்மா. அம்மாவுக்கு 71 வயது, முட்டுவலி, கம்பு ஊன்றித்தான் நடப்பார். எது நல்லது?

குளச்சல் மாலுமி
தம்பி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? சிங்கப்பூருக்கே போ. எம்ப்ரஸ் 1990இல் கட்டிய கப்பல். முதலில் நார்டிக் எம்ப்ரஸ், அப்புறம் ராயல் கரீபியனின் எம்ப்ரஸ் ஆஃப் த சீஸ், 2021இலிருந்து நம் நாட்டில் ஓடுகிறது. நீளம் 210 மீட்டர் சொச்சம். ஜெண்டிங் ட்ரீம் 2016இல் ஜெர்மனியின் மேயர் தளத்தில் கட்டியது, 335 மீட்டர், கொள்ளளவுக் கணக்கில் ஏறக்குறைய 3 மடங்கு. தண்ணீர்ச் சறுக்கு, கயிற்று நடை எல்லாம் உண்டு, பெரும்பாலான அறைகளுக்குப் பால்கனி. பழைய கப்பலில் பால்கனி அறை கொஞ்சம்தான். இரண்டு பையன்களை வைத்துக்கொண்டு 5 நாள் சின்னக் கப்பலில் என்ன செய்யப் போகிறாய்? அதே 1990இல் ஓடத் தொடங்கிய இன்னொரு கப்பல் கர்ணிகா என்ற பெயரில் மும்பைக்கு வந்து, 2020இல் குஜராத்தின் அலங்கில் உடைபடப் போய்விட்டது.

தக்கலை டீச்சர்
மாலுமி அண்ணே, கர்ணிகா உடைபட்டதற்குக் காரணம் வயதா? கொரோனாவில் கம்பெனி படுத்துவிட்டது, கப்பலை விற்றார்கள். அதை இங்கே கொண்டுவந்து பயமுறுத்தாதீர்கள்.

என் கட்சி இலங்கைதான். சறுக்கு வேண்டுமென்றால் ஊரிலேயே தீம் பார்க் போகலாமே, கடல் கடந்து போவது எதற்கு? திருகோணமலையில் இறங்கினால் கோணேசர் கோவில் துறைமுகத்துக்குப் பக்கம். சம்பந்தர் பாடிய தலம். கோட்டை வாசலுக்குள் புள்ளிமான்கள் பாட்டுக்குத் திரியும், அதைத் தாண்டி மேலே ஏறினால் செங்குத்துப் பாறை, கீழே கடல். காங்கேசன்துறையில் இறங்கினால் கீரிமலை கூப்பிடு தூரம், நல்லூர் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். நல்லூரில் ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும், சுசீந்திரத்தில் பழகிய நமக்கு அது புதிதில்லை. தமிழிலேயே விலை கேட்டு, தமிழிலேயே பேரம் பேசலாம். 71 வயது அம்மாவுக்கு இதைவிட என்ன வேண்டும்?

கோட்டாறுக்காரன்
டீச்சர் சொல்வதுதான் என் மனைவியின் கட்சியும். பையன்கள் இருவரும் மாலுமி அண்ணன் கட்சி. நான் நடுவில்.

குளச்சல் மாலுமி
டீச்சர், துறைமுகத்தில் கிடைக்கிற நேரத்தைக் கணக்குப் போட்டீர்களா? நான் கப்பல் சமையலறையில் வேலை பார்த்தவன், பயணிகள் இறங்கி ஏறுவதைத் தினமும் பார்த்திருக்கிறேன். நோட்டீசில் 8 மணி நேரம் என்று இருக்கும். கப்பலைத் துறையில் கட்டி முடித்து, குடியேற்றச் சோதனை ஆகி, கடைசி ஆள் இறங்க ஒன்றரை மணி நேரம் போகும். புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும். கையில் நிற்பது 5 மணி நேரம் சொச்சம். அம்பாந்தோட்டையில் இருந்து கதிர்காமம் போய்வரவே இதில் பாதி போய்விடும். எனவே பயணத்தின் பெரும்பகுதி கப்பலுக்குள்தான். அப்போது கப்பல் நன்றாக இருக்க வேண்டாமா?

தக்கலை டீச்சர்
அந்தக் கணக்கு சிங்கப்பூர்க் கப்பலுக்கும் பொருந்தும் அண்ணே. 3 இரவில் இரண்டு ஊர். ஃபூக்கெட்டில் இறங்கி ஒரு கடற்கரையைப் பார்த்துவிட்டு வருவதற்கா விமான டிக்கெட்?

தூத்தூர் கடலோடி
நீங்கள் இருவரும் கப்பலையும் கோவிலையும் பேசுகிறீர்கள், கடலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. புரட்டாசி என்றால் தென்மேற்குக் காற்று இன்னும் அடங்கியிருக்காது. ஃபூக்கெட்டின் மேற்குக் கரை அதற்கு நேராகத் திறந்து கிடக்கிறது, செப்டம்பர், அக்டோபரில் அங்கே மழையும் அலையும் கூடுதல். அங்கே பெரிய கப்பல்கள் படோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரம் போட்டு, சின்னப் படகில்தான் ஆட்களைக் கரைக்குக் கொண்டுபோவார்கள். அலை கூடினால் கப்டன் அந்தத் துறைமுகத்தையே விட்டுவிடுவார். கன்னியாகுமரியில் கடல் கொந்தளித்தால் விவேகானந்தர் பாறைக்குப் படகை நிறுத்துவார்கள் இல்லையா, அதே கதைதான்.

படகில் இறங்குவதை அம்மாவை மனதில் வைத்து யோசியுங்கள். கப்பலின் பக்கவாட்டில், தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு மேடை திறக்கும். படகு அதன் ஓரத்தில் நிற்கும், ஆனால் ஒரு இடத்தில் நிற்காது. ஒரு முழம் மேலே, ஒரு முழம் கீழே. இரண்டு ஊழியர்கள் இரண்டு புஜத்தையும் பிடித்துக்கொண்டு, மேடையும் படகும் சமமாக வருகிற நொடியில் கால் வைக்கச் சொல்வார்கள். அந்த நொடியில் தயங்கக் கூடாது. முட்டுவலிக்காரர் தயங்காமல் இருப்பாரா? அலை கூடினால் சக்கர நாற்காலிக்காரர்களை ஏற்றவே மாட்டார்கள்.

திருகோணமலை அப்படி இல்லை. இந்தக் காற்றுக்கு இலங்கைத் தீவே மறைவு. வாடைக் காற்று தொடங்கும்வரை கிழக்குக் கரை அமைதி. அம்பாந்தோட்டை தெற்கே திறந்த கடல், அந்த வளைவைச் சுற்றும்போது மட்டும் ஆட்டம் இருக்கும்.

தக்கலை டீச்சர்
கடலோடி தம்பி, நீங்களாவது என் பக்கம் நின்றீர்களே.

தூத்தூர் கடலோடி
முழுக்க நிற்கவில்லை டீச்சர். இலங்கையின் 3 இடத்திலும் கப்பலைத் துறையில் கட்டுவார்களா, வெளியே நிறுத்திப் படகில் இறக்குவார்களா என்று துறைமுகம் துறைமுகமாக ஏஜென்டிடம் கேட்கச் சொல்லுங்கள். வாய்ச்சொல் வேண்டாம், எழுத்தில் வாங்க வேண்டும். தேதியும் அப்படித்தான். எம்ப்ரஸ் பொதுவாகத் தென்மேற்கு மழைக்காலத்தில் சென்னைக்கு வந்து, பிறகு மும்பைப் பக்கம் போய்விடும்.

வடசேரி சந்தை
நடுவில் நுழைகிறேன். இத்தனை செலவு எதற்கு? நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் விட்டார்களே, நின்று நின்று திரும்பவும் ஓடுகிறது. அதில் போய் யாழ்ப்பாணத்தில் 4 நாள் தங்கினால் டீச்சர் சொன்ன எல்லாம் ஆகும், நேரக் கணக்கும் வேண்டாம்.

குளச்சல் மாலுமி
அது பயணக் கப்பல், இவர் கேட்பது உல்லாசக் கப்பல். பையன்கள் சோறு போடாத கப்பலில் ஏறுவார்களா?

வடசேரி சந்தை
சரி, கட்டுச்சோறு கொண்டு போங்கள்.

குளச்சல் மாலுமி
படகில் இறக்குவது பற்றிக் கடலோடி சொன்னது சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது ஃபூக்கெட்டின் குறை, சிங்கப்பூர்க் கப்பலின் குறை இல்லை. சிங்கப்பூரில் இருந்து ஃபூக்கெட் இல்லாமல் மலேசியத் துறைமுகங்களுக்கு மட்டும் போகிற பயணங்களும் வரும். மலாக்கா நீரிணைக்கு மேற்கே சுமத்ரா நீளமாகப் படுத்திருக்கிறது, பெரிய அலை உள்ளே வராது. பினாங்கில் கப்பலை ஸ்வெட்டன்ஹாம் துறையில், ஜார்ஜ் டவுனை ஒட்டியே கட்டுவார்கள். நடைமேடை வழியாக இறங்கி, சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டே லிட்டில் இந்தியா போய்விடலாம். டீச்சருக்குக் கோவில் வேண்டுமென்றால் குயின் தெருவில் மகாமாரியம்மன் கோவில், 1833ஆம் வருடத்தது. யாழ்ப்பாணத்தில் மட்டும்தான் தமிழா?

கப்பலில் இந்தியச் சைவச் சாப்பாடும் உண்டு. வாந்திக்குப் பயமென்றால் நடுக்கப்பலில், கீழ்த்தளத்தில் அறை கேள். ஆட்டம் அங்கேதான் குறைவு. அவோமின் மாத்திரையை அம்மாவின் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்கி வை.

தக்கலை டீச்சர்
போகிற வழியைச் சொல்லுங்கள் அண்ணே. சென்னை என்றால் சாயந்திரம் நாகர்கோவிலில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ், காலையில் எழும்பூர், அங்கிருந்து துறைமுகம் ஆட்டோ தூரம். சிங்கப்பூருக்குக் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் விமான நிலையம், அப்புறம் 4 மணி நேரத்துக்கு மேல் விமானம். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, அதனால் ஒரு நாள் முன்பே போய் ஓட்டலில் தங்க வேண்டும். 5 பேருக்கு விசா. 3 இரவுக் கப்பலுக்கு 6 நாள் அலைச்சல்.

குளச்சல் மாலுமி
6 நாளில் சிங்கப்பூரும் ஒரு ஊர்தானே, அதைப் பார்க்க மாட்டார்களா? விசாவில் ஒன்று கவனம்: கப்பல் வெளியே போய்த் திரும்புவதால் சிங்கப்பூருக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள். பல முறை நுழைவு விசாவா என்று பார்த்து வாங்கு. பினாங்குக்குக் கவலை இல்லை, 2023 டிசம்பரில் இருந்து மலேசியா நமக்கு விசா கேட்பதில்லை. டிஜிட்டல் வருகை அட்டை நிரப்பச் சொன்னால் நிரப்பிவிடு.

மார்த்தாண்டம் கணக்கர்
செலவை ஒப்பிடும்போது நோட்டீசில் உள்ள விலையை மட்டும் வைத்துக்கொண்டு சண்டை போடாதீர்கள். துறைமுகக் கட்டணம், வரி, ஆளுக்கு ஒரு இரவுக்கு இவ்வளவு என்று பிடிக்கிற சேவைக் கட்டணம், இணையம், கரைச் சுற்றுலா எல்லாம் தனி. வெளிநாட்டு டூர் பேக்கேஜ் என்று பில் போட்டால் டிசிஎஸ், அதாவது முன்கூட்டியே வாங்குகிற வருமான வரி, பிடிப்பார்கள், அது உங்கள் பான் எண்ணில் ஏறும், வருமான வரி ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம். போனை ஏறும்போதே ஏர்பிளேன் மோடில் போடுங்கள். நடுக்கடலில் கப்பல் டவரில் தானாக ஒட்டிக்கொண்டால் பில்லைப் பார்த்து மயக்கம் வரும்.

தக்கலை டீச்சர்
கணக்கரே, இந்த எல்லாவற்றையும் கூட்டினால் சென்னைதான் மலிவு, எழுதித் தருகிறேன். கோட்டாறுக்காரரே, அம்மாவை நினைத்து முடிவெடுங்கள்.

கோட்டாறுக்காரன்
நேற்று ராத்திரி அம்மாவிடமே இரண்டு நோட்டீசையும் காட்டினேன். டீச்சர் மன்னிக்கணும். "கோவில் நம்ம ஊரிலேயே போதும் போதும்ங்கிற அளவுக்கு இருக்கு, எனக்கு அந்தச் சிங்கப்பூரைப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டார். அக்காள் மகள் அங்கே இருக்கிறாளாம், எனக்கே அது மறந்துவிட்டது. மனைவி இப்போது என்னோடு பேசவில்லை. ஃபூக்கெட் இல்லாத தேதியை ஏஜென்டிடம் கேட்டிருக்கிறேன்.

தக்கலை டீச்சர்
அம்மா சொன்னால் மறுபேச்சு இல்லை. ஆனால் இலங்கையை அடுத்த வருடம் உங்கள் மனைவிக்காக எடுக்க வேண்டும், இப்போதே வாக்குக் கொடுத்துவிடுங்கள்.

கோட்டாறுக்காரன்
கொடுத்தாயிற்று. இன்னொரு சந்தேகம். அம்மா பாஸ்போர்ட்டில் சர்நேம் இல்லை, பெயர் மட்டும்தான். விமான டிக்கெட்டில் அந்தக் கட்டத்தை விட்டுவிட்டால் வாங்க மாட்டேன் என்கிறது.

மார்த்தாண்டம் கணக்கர்
விமானக் கம்பெனிக்குக் கம்பெனி வழக்கம் வேறு. சிலர் பெயரையே இரண்டு கட்டத்திலும் போடச் சொல்வார்கள். போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போடுங்கள், அப்பா பெயரையோ இனிஷியலையோ நீங்களாக விரித்து எழுதிவிடாதீர்கள். விசாவில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்கட்டும். கப்பல் புக்கிங்கிலும் அதே பெயர்தானா என்று ஏஜென்டைப் பணம் கட்டும் முன்பே காட்டச் சொல்லுங்கள்.